பெரட்டு, இஸ்டோர், லயம்: ஊவாத் தோட்டங்களில் ஆங்கிலச் சொற்களின் வாழ்வு



ஆங்கிலச் சொற்கள் எங்கே பிறந்தன, எப்படிப் பொருள் மாறின என்று சொல்லும் நூல்களுக்கு ஆங்கிலத்தில் குறைவில்லை. அவற்றில் லண்டன் வரும், பாரிஸ் வரும், ரோமாபுரி வரும். பதுளை வராது. அந்தச் சொற்களில் பல இந்த மலைகளுக்கு வந்து, நம்மவர் வாயில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, புதுப் பொருள் பெற்று, சில இடங்களில் ஆங்கிலேயரே மறந்துவிட்ட பொருளைக் காப்பாற்றியும் வருகின்றன. இன்றைய பேச்சு அவற்றைப் பற்றியது.

ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். ஊவாவில் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்து வாசலிலும் காதில் விழக்கூடிய வாக்கியம்தான்: “பெரட்டுக்குப் பிந்திப் போனேன்னு கண்டாக்கையா அரைப்பேரு போட்டுட்டாரு.” பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கட்டுரைத் தாளில் எழுதினால் சிவப்பு மை பாயும். பெரட்டு கொச்சை, கண்டாக்கையா கொச்சை, அரைப்பேர் விளங்காத சொல் என்பார்கள். இந்த வாக்கியத்தில் திருத்த வேண்டிய சொல் ஒன்றுகூட இல்லை என்பதே என் கட்சி.

பெரட்டு என்பது பரேட். லத்தீனில் ஆயத்தம் செய்தலைக் குறித்த வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இராணுவச் சொல். தேயிலைத் தோட்டத்தில் பட்டாளத்துச் சொல்லுக்கு என்ன வேலை? 1840களில் இலங்கையில் கோப்பிக் காணி வாங்கியவர்களில் பட்டாளத்து அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் ஏராளம். ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணிப் பார்த்து வேலைக்கு அனுப்பும் பழக்கத்தை அவர்கள் பாசறையிலிருந்து மலைக்குக் கொண்டு வந்தார்கள். விடியுமுன் தப்பு முழங்கும். படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியபடி பெண்கள் பெரட்டுக்களத்துக்கு வருவார்கள். இன்னார் கொழுந்து மலைக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் கான் வெட்ட என்று அங்கே பிரித்துவிடுவார்கள். தோட்டத்தை நடத்திய துரை தன் ஆங்கிலத்தில் இதை மஸ்டர் என்று எழுதினார். அதன் லத்தீன் வேருக்குக் ‘காட்டு’ என்று பொருள். ஆள் தன்னைக் காட்டினால்தான் அன்றைக்குப் பேர் விழும்.

பேர் என்பது இங்கே ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் பெயருக்கு நேரே விழும் குறிதான் கூலி, பிந்தினால் அரைப்பேர். துரைமாரின் ஆங்கிலத்திலும் ஒரு நாள் வேலையை ‘நேம்’ என்றும், அரை நாளை ‘ஹாஃப் நேம்’ என்றும் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. அங்கே தமிழ்தான் ஆங்கிலத்துக்குப் பொருள் கொடுத்தது. செக்ரோலில் உள்ள செக் இன்னும் தூரத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் ‘ஷா’, சதுரங்கப் பலகையில் அரசனுக்கு விடும் எச்சரிக்கையாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து, தடுத்தல், சரிபார்த்தல் என்று பொருள் விரிந்து, கடைசியில் நம் மலையில் ஆள் கணக்குப் புத்தகமாகிவிட்டது. “செக்ரோல்ல பேர் இருக்கா?” என்று கேட்டால் நிரந்தரத் தொழிலாளியா என்று அர்த்தம்.

கண்டாக்கையாவைப் பாருங்கள். நகரத்தில் கொண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கட் கொடுப்பவர். தோட்டத்தில் அவர் மலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். லத்தீனில் அந்த வினைச்சொல்லுக்குக் கூட்டிச் செல்லுதல் என்ற பொருளும் உண்டு, கூலிக்கு அமர்த்துதல் என்ற பொருளும் உண்டு. ரோமானியச் சட்டத்தில் ஒருவருடைய உழைப்பைக் கூலிக்கு எடுத்துக்கொள்பவனின் பெயரே கொண்டக்டர்தான். பஸ்ஸில் வரும் கொண்டக்டரைவிட நம் கண்டாக்கையா அந்தப் பழைய பொருளுக்குக் கிட்டத்தில் நிற்கிறார்.

உச்சரிப்பு கெட்டுவிட்டது என்று சொல்பவர்களுக்கும் விடை வைத்திருக்கிறேன். பிறமொழிச் சொல் தமிழுக்கு வந்தால் தமிழ் எழுத்துக்கு இணங்கி வரட்டும் என்று வடசொல்லுக்குத் தொல்காப்பியம் வழி சொல்லிவிட்டது. ராமனை இராமன் என்றும், லட்சுமியை இலட்சுமி என்றும் எழுதிய அதே காதுதான் ஸ்டோரை இஸ்டோர் என்றது. மரம் மரன் ஆவதையும், நிலம் நிலன் ஆவதையும் போலி என்று இலக்கணத்தில் படிக்கிறோம். லயன் லயம் ஆனது அதே பாதையில் எதிர்த்திசைப் பயணம். பரேட் ‘பெரட்டு’ என்று குற்றியலுகரத்தில் முடிந்ததும் தமிழின் இயல்புதான். பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார் காதால் இலக்கணம் காத்திருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் செய்ததும் இதையேதான். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் தொகுத்து யூல், பர்னெல் இருவரும் 1886இல் வெளியிட்ட பேரகராதிக்கு ஹாப்சன்-ஜாப்சன் என்று பெயர். முஹர்ரம் ஊர்வலத்தில் ஹசன், ஹுசைன் பெயர்களைச் சொல்லி அழும் குரல், வெள்ளைச் சிப்பாய்களின் காதில் இரண்டு ஆங்கிலப் பெயர்களாக விழுந்ததன் விளைவு அது. நம் பதுளை மாவட்டத்திலேயே இதற்கு இணையான ஒன்று உண்டு. 1869இல் மடூல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடி படிந்த நோய் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. அந்தப் பூஞ்சைக்கு அறிவியலாளர் வைத்த பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். வாயில் நுழையாத அந்தப் பெயரைத் துரைமார் ‘டிவாஸ்டேட்டிங் எமிலி’ என்று ஆக்கிக்கொண்டார்கள், நாசம் செய்யும் எமிலி என்று. துரை செய்தால் அது பதிவு பெறுகிறது. நம் ஆச்சி செய்தால் கொச்சை என்று தள்ளப்படுகிறது. இந்த ஏற்றத்தாழ்வை நம் வகுப்பறைகளாவது கைவிட வேண்டும்.

அந்த எமிலி கோப்பியை அழித்தாள், தேயிலை வந்தது. கோப்பிக் காலத்தில் தோட்டத்தின் பெரிய கட்டடம் கோப்பியைப் பதப்படுத்திச் சேர்த்து வைக்கும் இடம். அதன் பெயர் ஸ்டோர். தேயிலைக்கு உருட்டும் இயந்திரம், உலர்த்தும் அடுப்பு, வாட்டும் மாடி எல்லாம் வந்து, ஆங்கிலத்தில் அது பெக்டரியானது. தொழிலாளர் வாயில் மட்டும் இன்றும் இஸ்டோர்தான். கோப்பி அழிந்து நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின்னும் அதன் கட்டடத்தை ஒரு தமிழ்ச் சொல் நிறுத்தி வைத்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். பென்ஸ் காசும் அப்படியே. ஒவ்வொரு தொழிலாளியும் வேலைக்கு இறங்கும் நாளுக்கு இவ்வளவு என்று, ஆட்களைக் கூட்டிவந்த கங்காணிக்குத் தோட்டம் கொடுத்த பணம் அது. இலங்கையில் 1872இல் ரூபாவும் சதமும் வந்து பென்ஸ் போய்விட்டது. சதத்தில் கணக்குப் பார்த்துக் கொடுத்த காலத்திலும் அது பென்ஸ் காசாகவே இருந்தது.

இங்கே கோச்சியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹங்கேரியில் கொச் என்றொரு கிராமம். அங்கே செய்த நல்ல வண்டிக்கு அந்த ஊர்ப் பெயராலேயே கொச்சி என்று பெயர். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளுக்கு அது பரவி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் கோச் ஆனது. குதிரை வண்டியைக் குறித்த சொல் பின்னர் ரயில் பெட்டியைக் குறித்தது. ரயில் பாதை 1894இல் பண்டாரவளைக்கும், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து 1924இல் பதுளைக்கும் வந்தபோது, முழு ரயிலுமே தமிழருக்குக் கோச்சி, சிங்களவருக்குக் கோச்சிய. ஆங்கிலம் உதிர்த்த கடைசி உயிரெழுத்தை நம் இரு மொழிகளும் தாமாகவே ஒட்டிவிட்டன. ஹங்கேரியக் கிராமவாசி ஒருவர் பதுளை ரயில் மேடையில் நின்றால் தன் ஊர்ச் சொல்லையே கேட்பார்.

இனி எதிர்த்திசையில் போன சொற்கள். இங்கே நான் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இவை வெறும் சொற்களாக இருந்து நின்றுவிடவில்லை, ஆளைக் கட்டும் கயிறாகவும் இருந்தன.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தை மேற்பார்ப்பவர் கண்காணி. மதிப்புள்ள பதவி. அதே சொல் கங்காணியாகித் தோட்ட ஆங்கிலத்தில் புகுந்தபோது, ஊரில் ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, வழிச்செலவைக் கடனில் ஏற்றி, கடல் தாண்டி அழைத்துவந்து, இங்கேயும் அவர்களுக்கு மேலே நின்றவரின் பெயரானது. அவர் கையில் இருந்த ஆயுதம் துண்டு. தமிழில் துண்டு என்றால் கிழித்த சீட்டு, அவ்வளவே. தோட்டத்தில் அது, இந்த ஆட்களின் கடன் இவ்வளவு, இதைத் தீர்ப்பவர் இவர்களை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் பத்திரம். கங்காணி அதைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக விலை பேசுவார். கூடுதல் பணம் தரும் தோட்டத்துக்குக் குடும்பங்கள் கூட்டமாக மாறும். கடனும் கூடவே வளரும். ‘துண்டு’ என்ற நம் சொல்லையே அப்படியே ஆங்கிலச் சட்டத்தின் வாயில் வைத்துத்தான் 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள். காகிதத் துண்டைக் குறிக்கும் எளிய சொல் ஒன்று சட்டம் போட்டு ஒழிக்க வேண்டிய கொடுமையின் பெயராக வளர்ந்த கதை, தமிழ்ச் சொல் வரலாற்றில் எழுதப்பட வேண்டிய அதிகாரம்.

அடுத்தது கூலி. வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், முயற்சியானது உடம்பு வருந்திய அளவுக்குத் தரும் பயனைக் கூலி என்கிறார். தெய்வத்தால் ஆகாதபோதும் கிடைப்பது அது. உழைப்பவனின் உரிமைக்கு இதைவிடப் பெருமையான சொல் தமிழில் எனக்குத் தெரியாது. ஐரோப்பியக் கப்பல்கள் வந்தபின் அது கூலி வாங்கும் ஆளைக் குறிக்கத் தொடங்கியது. குஜராத்தின் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்தும் இச்சொல் வந்திருக்கலாம் என்று ஒரு கட்சி உண்டு. இரண்டும் கலந்திருக்கவும் கூடும். எப்படியானாலும், சம்பளத்தின் பெயர் மனிதன் தலையில் ஏறியது. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் போன்றவற்றில் அது சட்டச் சொல்லாகவே உட்கார்ந்துவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தென்னாபிரிக்கா வரை அது வசைச் சொல்லானது. வசையாகத் திரும்பி வந்த அந்தச் சொல்லைக் கேட்டுக் கூசுகிற பிள்ளைகளுக்கு, குறளில் அது என்னவாக இருந்தது என்பதை ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். 

பிளான்டேஷன் என்ற சொல்லிலும் இதே வடு உண்டு. 1609இல் அயர்லாந்தின் அல்ஸ்ரரில் ஆங்கில அரசு தன் குடிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றியதற்கு அதுதான் பெயர். பயிர்த் தோட்டத்தைக் குறிக்கும் முன்பே அது மனிதரைக் கொண்டுபோய் நடுவதைக் குறித்தது.

ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்த எல்லாமே காயம் என்று சொல்ல மாட்டேன். இன்றும் இலங்கைத் தேயிலை ஆய்வாளர்கள், முற்றாத இளந்தளிரை ஆங்கிலக் கட்டுரைகளில் ‘அரிம்பு’ என்றே எழுதுகிறார்கள். நம் அரும்புதான். ஆடி, ஆவணியில் மலையைத் தாண்டி வறண்டு வீசும் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருகிறது. கொழும்புத் தேயிலை வணிகர்கள் ஆங்கிலத்தில் அந்தக் காற்றைக் கச்சான் என்று குறிப்பிடுகிறார்கள். கரையோரத் தமிழ் மீனவரின் காற்றுப் பெயர் அது. கொழுந்து பறித்த கைகள் கொழும்புத் தேயிலை ஏலத்தில் இல்லை, அவர்களுடைய மொழி இருக்கிறது.

‘சீனத்துத் தேயிலை எல்லாம் கொடுத்தாலும் மாட்டேன்’ என்ற ஆங்கில மரபுத்தொடர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வழக்குக்கு வந்தது. லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய காலம் அது. பிரிட்டன் குடித்த தேயிலையில் பெரும் பகுதி அப்போது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது. தொடரில் சீனா இருந்தது. கோப்பையில் அப்புத்தளையும் பண்டாரவளையும் இருந்தன. அந்தப் பண்டாரவளைப் பக்கத்தில் கிறேக் என்றொரு தோட்டம். ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியில் அதற்குப் பாறை என்று பொருள். அயிஸ்லபி யோர்க்‌ஷயர் கிராமத்தின் பெயர். கிளனல்பினில் உள்ள கிளன், பள்ளத்தாக்கு. ஸ்கொட்லாந்திலேயே கேலிக் பேசுவோர் அருகிவிட்டார்கள். பதுளைத் தமிழர் அன்றாடம் அதை உச்சரிக்கிறார்கள்.

ஸ்ட்ரைக் என்ற சொல்லை நம்மவர்கள் வாங்கிய விதம் வேறு. 1768இல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் ஊதியம் கேட்டுக் கப்பல்களின் பாயை இறக்கினார்கள். பாயை இறக்குதலுக்கு ஆங்கிலத்தில் அந்தச் சொல். அதிலிருந்துதான் வேலைநிறுத்தத்துக்குப் பெயர் வந்தது. 1940இல் பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர், லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத்தோடு நின்று வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்களுக்குள் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவோடு கலந்து பேசித்தான் தோட்டத்தை நடத்த வேண்டும் என்று நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம், தடையை மீறி அக்கட்சித் தலைவர்களில் ஒருவரான என். எம். பெரேரா பதுளையில் கூட்டத்தில் பேசினார். பரேட்டும் மஸ்டரும் மேலிருந்து இறங்கிய சொற்கள். ஸ்ட்ரைக்கை நம் தாத்தா பாட்டிமார் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்த வேறுபாட்டைச் சொல் வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

லயத்துக்கு வருகிறேன். லைன் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், லத்தீனில் நார் தரும் ஆளிச் செடியின் பெயர். லினன் துணியும் அதே வேர்தான். நார், நூல், நூல் பிடித்த கோடு, கோடு போட்ட வரிசை என்று நகர்ந்து, பட்டாளம் முகாமிடும்போது கூடாரங்களும் குடிசைகளும் நிற்கும் வரிசைக்குப் பெயரானது. அங்கிருந்து தோட்டத்துக்கு வந்தது. குதிரை கட்டும் லாயம் என்ற சொல்லும் தமிழில் ஏற்கெனவே இருந்ததால் இரண்டும் ஒன்றே என்று சொல்பவர்கள் உண்டு. ஒலி உதவியிருக்கும், ஆனால் வேர் லைன்தான் என்பது என் முடிவு. பட்டாளத்து வரிசை நகர்ந்து போகிறவர்களுக்கானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளாக இங்கே கட்டப்பட்ட வரிசை, போகாதவர்களின் வீடாகிவிட்டது. பிள்ளை பெற்றதும், பெண் கொடுத்ததும், மாலை போட்டுத் தூக்கியதும் அதே வாசலில். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, செய்தித்தாள்களில் ‘லைன்’ என்ற சொல் மறுபடி மறுபடி வந்தது. மண்ணுக்குள் போனவை வீடுகள். 

அதற்குப் பின் தோட்டங்களில் ஒரு புதுச் சொல் கேட்கிறது: ஏழு பேர்ச்சஸ். தனி வீட்டுக்கு அப்போது ஒதுக்கிய காணியின் அளவு. பேர்ச் என்றால் லத்தீனில் அளவுகோல் கம்பு. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். இங்கிலாந்தில் இன்று காணி அளக்க யாரும் அதைச் சொல்வதில்லை. இங்கே ஒரு குடும்பம் தன் பெயரில் உறுதி கேட்கும்போது முதலில் சொல்லும் சொல் அதுதான்.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். இந்தச் சொற்களுக்கு ஓர் அகராதி வேண்டும். ஒருவர் உட்கார்ந்து எழுதக்கூடியது அன்று, தோட்டந்தோறும் சேர்க்க வேண்டியது. சொல்லை எழுதும்போது தோட்டத்தின் பெயரையும், டிவிஷனையும், சொன்னவரின் வயதையும், அவர் செய்த வேலையையும் சேர்த்து எழுதுங்கள். மலையில் பெண்கள் சொல்வதும் இஸ்டோரில் ஆண்கள் சொல்வதும் வேறுபடும். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா பேசும் சொற்கள் தனி; அந்தக் காம்பரா போர்த்துக்கீசச் சொல், ஆயாவும் அப்படியே. வாக்கியத்தோடு எழுதுங்கள், தனிச் சொல்லாக எழுதினால் பாதிதான் கிடைக்கும்.

கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். முன்னே ராத்தலில் நிறுத்தார்கள். அது அரபுச் சொல். அதன் மூலம் கிரேக்கத்தின் லிட்ரா. நாம் மண்ணெண்ணெய் வாங்கும் லீற்றரும் அதே லிட்ராவிலிருந்து வந்ததுதான். பிறகு கிலோ வந்தது. உங்கள் டிவிஷனில் ராத்தல் எப்போது நின்றது, கிலோவை முதலில் கொண்டு வந்தது கணக்கப்பிள்ளையா தராசா, மாறிய நாளில் ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்று யார் முடிவு செய்தார்கள், அதைக் கேட்டு என்ன சொன்னார்கள் என்று, அந்தத் தராசடியில் கூடையை இறக்கிய அம்மாமார் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.